கவுண்ட் சரியா, சிஸ்டர்?

வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சை முடியப்போகிறது. ஒழுங்காக நடக்கும் தியேட்டர் என்றால், சர்ஜன் தையல் நூலுக்குக் கை நீட்டும் முன் ஒரு கேள்வி கேட்பார்: "கவுண்ட் சரியா, சிஸ்டர்?" மேசையை ஒட்டி நிற்கும் ஸ்க்ரப் நர்ஸும், வெளிவட்டத்தில் நடமாடும் சர்குலேட்டிங் நர்ஸும் சேர்ந்து வாய்விட்டு எண்ணுவார்கள். ரத்தத்தை ஒற்றியெடுக்க வயிற்றுக்குள் வைத்த மாப் எத்தனை, காஸ் எத்தனை, ஊசி எத்தனை, கருவி எத்தனை. தொடங்கும்போது பலகையில் எழுதிய எண்ணோடு இது பொருந்தினால்தான் "கரெக்ட் சார்" என்ற பதில் வரும். ஒரு மாப் குறைந்தால் தையல் நிற்கும். துறைத் தலைவரே ஆனாலும் மறுபடி வயிற்றுக்குள் கையை விட்டுத் தேட வேண்டும். தரையில் கிடக்கும் வாளியைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். அப்போதும் கிடைக்காவிட்டால் எக்ஸ்ரே. மாப்புக்குள் ஓடும் இழை எக்ஸ்ரேயில் தெரியும்படி நெய்யப்பட்டிருப்பது இதற்காகத்தான்.

அறுவை சிகிச்சைக்கு முன்னும், நடக்கும்போதும், முடிந்த பின்னும் செவிலியர் செய்யும் வேலைகள் நூறு இருக்கும். அவற்றில் அவருடைய சொல் மருத்துவரின் கையை நிறுத்தும் வேலை அநேகமாக இது ஒன்றுதான். இங்கே பொறுப்பும் அதிகாரமும் ஒரே ஆளிடம் இருக்கின்றன. மற்ற இடங்களில் கையெழுத்து அவருடையது, முடிவு வேறொருவருடையது. நம் மருத்துவமனைகளில் இந்தப் பராமரிப்பு எங்கே உறுதியாக நிற்கிறது, எங்கே ஒழுகுகிறது என்று தேடினால், செவிலியரின் திறமைக் குறைவைவிட இந்தப் பிரிவினைதான் அதிகம் கண்ணில் படுகிறது.

எண்ணிக்கை முறையையும் தெய்வமாக்க வேண்டியதில்லை. 2003இல் அமெரிக்க சர்ஜன் அதுல் கவாண்டேவும் சகாக்களும், உடலுக்குள் துணியோ கருவியோ விட்டுத் தைக்கப்பட்ட நோயாளிகளின் ஆவணங்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எண்ணிக்கை எடுக்கப்பட்டும் பொருள் உள்ளே தங்கிவிட்ட சம்பவங்களில் 88 சதவீதத்தில், கடைசிக் கவுண்ட் சரி என்றே எழுதப்பட்டிருந்தது. எங்கே இது அதிகம் நடக்கிறது என்றும் பார்த்தார்கள்: அவசர அறுவை சிகிச்சைகளில், நடுவில் திட்டம் மாறிய சிகிச்சைகளில், உடல் பருமனான நோயாளிகளிடம். அதாவது நிதானமாக எண்ண முடியாத வேளைகளில். செவிலியருக்கு நிறுத்தும் உரிமை உண்டு. ஆனால் எண்ணி முடிக்கும்வரை யாரும் அவரைக் கூப்பிடக் கூடாது, போனை எடுக்கச் சொல்லக் கூடாது, அடுத்த கேஸுக்கு ட்ராலி போடச் சொல்லக் கூடாது என்ற பாதுகாப்பு இல்லை.

ஆள் கணக்கும் இதில் சேரும். பெரிய அறுவை சிகிச்சை நடக்கும் மேசை ஒன்றுக்கு இரண்டு செவிலியர் என்பது இந்தியாவில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் அளவு. ஒருவர் எண்ண, மற்றவர் பார்க்க, இருவரும் ஒத்துக்கொண்டால்தான் அது கவுண்ட். சிறிய நர்சிங் ஹோம்களில் அந்த இருவர் ஒருவராகிவிடுகிறார். இன்னும் பல தனியார் மருத்துவமனைகளில் ஸ்க்ரப் வேலை ஓ.டி. டெக்னீஷியன்களுக்குப் போய்விட்டது. இதை வெறும் ஆட்குறைப்பு என்று ஒதுக்கிவிட மாட்டேன். லேப்ராஸ்கோப் கேமராவையும் ஸ்டேப்ளரையும் அவர்கள் கையாளும் லாவகம், மூன்று மாதத்துக்கொருமுறை வார்டு மாற்றப்படும் செவிலியருக்கு வராது. தியேட்டர் பணிக்கென்றே இந்திய செவிலியர் மன்றம் ஓராண்டு மேற்பட்டயப் படிப்பு வைத்திருக்கிறது. அதைப் படித்தவரைக் கொண்டுபோய்க் காய்ச்சல் வார்டில் போடும் நிர்வாகம் டெக்னீஷியன்மீது குறை சொல்ல உரிமையற்றது. ஆனால் சர்ஜன் தன்னோடு காரில் அழைத்துவந்து, தன் கையிலிருந்தே சம்பளம் கொடுக்கும் உதவியாளர், "சார், ஒரு நிமிஷம் நிறுத்துங்க" என்று சொல்வாரா? எண்ணத் தெரிவது ஒன்று. எண்ணியதைச் சொல்லத் துணிவது வேறு.

எண்ணிக்கையின் இந்த ஒழுக்கத்தை அறுவை சிகிச்சை முழுவதற்கும் நீட்டிக்க முயன்றதுதான் உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல். ஒரே தாள், 19 கேள்விகள், மூன்று வேளைகள்: மயக்க மருந்துக்கு முன், கத்தி படும் முன், நோயாளி தியேட்டரை விட்டுப் போகும் முன். எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தார்கள். டெல்லியின் செயின்ட் ஸ்டீபன்ஸ் மருத்துவமனையும் அவற்றில் ஒன்று. 2009 ஜனவரியில் முடிவு வந்தபோது மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது: இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8ஆகவும், பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7ஆகவும் குறைந்திருந்தன. புது மருந்தோ புது எந்திரமோ இல்லாமல், பேசவேண்டியதைப் பேசவேண்டிய நேரத்தில் பேசியதால் வந்த பலன்.

ஐந்தாண்டு கழித்து, 2014இல், கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 101 மருத்துவமனைகளின் கணக்கைப் பார்த்தார்கள். பட்டியல் கட்டாயமாக்கப்பட்டிருந்தது, எல்லோரும் கடைப்பிடிப்பதாகவே அறிக்கை அனுப்பியிருந்தார்கள். இறப்பு 0.71 சதவீதத்திலிருந்து 0.65. புள்ளியியல் இதை மாற்றம் என்றே ஏற்கவில்லை. பட்டியலை ஆதரிப்போர், ஒன்டாரியோவுக்குத் தாள் போய்ச் சேர்ந்தது, பழக்கம் போய்ச் சேரவில்லை என்றார்கள். எதிர்ப்போர், முதல் ஆய்வின் பலன் மிகைப்பட்டது என்றார்கள். இரண்டிலும் உண்மை இருக்கலாம். நம்மூர்த் தியேட்டர்களில் அந்தத் தாளின் கதியைப் பார்த்தவர்களுக்கு முதல் விளக்கம் உடனே விளங்கும். தர அங்கீகாரச் சான்றிதழுக்காக அது எல்லாக் கேஸ் ஷீட்டிலும் இருக்கும். எல்லாக் கட்டத்திலும் டிக் இருக்கும். மூன்று வேளையின் டிக்கும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், கேஸ் முடிந்து உட்கார்ந்தபோது போட்டதாக இருக்கும்.

அந்தப் பட்டியலில் நம்மிடம் முதலில் உதிர்வது, அறையில் உள்ள ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்ற வரி. பலருக்கு அது வெள்ளைக்காரச் சம்பிரதாயமாகத் தெரிகிறது. இருபது வருடமாக ஒன்றாக வேலை செய்கிறோம், இவரிடம் போய் என் பெயர் இன்னது என்பதா? அந்த வரியின் நோக்கம் அறிமுகம் மட்டும் அல்ல. தொடக்கத்தில் ஒருமுறை வாய் திறந்தவர், நடுவில் ஏதோ தப்பாகப் பட்டால் மறுபடி திறப்பார் என்ற கணிப்பு. வலது சிறுநீரகமா இடதா என்ற கேள்வி இளைய செவிலியர் மனதில் எழும்போது, அது தொண்டையைத் தாண்ட அந்த முன் பயிற்சி உதவும். பட்டியலுக்கான கையேடே இந்தச் சிக்கலை ஒளிக்காமல் எழுதியிருக்கிறது: பட்டியலை நடத்துபவர், பெரும்பாலும் சர்குலேட்டிங் நர்ஸ், ஒரு கட்டம் முடியாமல் குழு அடுத்ததற்குப் போவதைத் தடுக்க வேண்டும், தடுத்தால் மற்றவர்களின் எரிச்சலுக்கு ஆளாவார், ஆகவே மருத்துவமனைகள் யோசித்து ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது. நாம் தாளை வாங்கிக்கொண்டோம். அந்த எரிச்சலிலிருந்து அவரை யார் காப்பது என்ற கேள்வியை வாங்கிக்கொள்ளவில்லை.

தியேட்டருக்குள் போவதற்கு முந்தைய இரவுக்கு வருவோம். "பன்னெண்டு மணிக்கு மேல பச்சைத் தண்ணி கூடக் குடிக்கக் கூடாதும்மா." தமிழ்நாட்டில் அறுவை சிகிச்சைக்குப் படுத்த எவரும் இந்த வாக்கியத்தைக் கேட்டிருப்பார்கள். அதன் பின்னணியில் ஒரு பழைய, நியாயமான பயம் இருக்கிறது. 1946இல் நியூயார்க் மகப்பேறு மருத்துவர் கர்ட்டிஸ் மெண்டல்சன், 44,016 பிரசவங்களில் 66 பெண்களுக்கு மயக்க நிலையில் வயிற்றிலிருந்தது மேலேறி நுரையீரலுக்குள் போனதைப் பதிவுசெய்தார். இறந்தவர் இருவர், இருவருமே திட உணவு அடைத்து இறந்தவர்கள். அந்தக் காலத்து மயக்கம் முகமூடி வழியாகக் கொடுக்கப்பட்டது. மூச்சுக்குழாயில் குழாய் போட்டுக் காக்கும் வழக்கம் பிரசவ அறைகளில் இல்லை. அந்தப் பயத்திலிருந்து வளர்ந்த விதி, நாளடைவில் சோற்றையும் தண்ணீரையும் ஒன்றாகத் தடைசெய்தது.

தண்ணீர் வயிற்றை விட்டு விரைவாகப் போய்விடும் என்பது தெரிந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. அமெரிக்க மயக்கவியல் சங்கம் 1999இலேயே சொல்லிவிட்டது: தெளிந்த நீர் இரண்டு மணி நேரம் முன்புவரை, தாய்ப்பால் நான்கு மணி நேரம் முன்புவரை, லேசான உணவு ஆறு மணி நேரம் முன்புவரை. ஆனாலும் நம் வார்டில் நடப்பது வேறு. காலை எட்டு மணி லிஸ்டில் ஐந்தாவதாக இருக்கும் பாட்டிக்கு மதியம் இரண்டாகியும் முறை வரவில்லை. நாக்கு வறண்டு, சர்க்கரை மாத்திரையும் போடாமல், பதினாலு மணி நேரம் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கிடக்கிறார். நாலு மணிக்குத் தியேட்டரிலிருந்து செய்தி வருகிறது: இன்னைக்கு முடியாது, நாளைக்கு முதல் கேஸ். அன்றிரவும் பன்னிரண்டு மணி.

இந்த விதியின் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்ல வேண்டும். அது எவருக்கும் புரியும். ஒரே வாக்கியத்தில் முப்பது பேருக்கும் சொல்லிவிடலாம். முதல் கேஸுக்குத் திடீரென்று ரத்த அழுத்தம் ஏறி நிறுத்தினால், மூன்றாவதாக இருப்பவரை உடனே மேலே ஏற்றலாம். "தெளிந்த நீர்" என்று சொன்னால் வீட்டார் பால் காபியைக் கொடுத்துவிடுவார்கள். கஞ்சித் தண்ணியும் தண்ணிதானே என்பார்கள். பால் சேர்ந்தால் ஆறு மணி நேரக் கணக்கு. பால் விடாத டீ, சக்கை இல்லாத ஜூஸ் என்றால் இரண்டு. இதை ஒவ்வொரு குடும்பத்துக்கும் உட்கார்ந்து விளக்க ஆள் வேண்டும். ஆக, நள்ளிரவு விதி அறிவியலின் விதி அல்ல, ஆள் பற்றாக்குறையின் விதி. லிஸ்ட் எப்படி நகர்கிறது என்று மணிக்கு மணி தெரிந்தவர் வார்டுச் செவிலியர் ஒருவரே. ஐந்தாவது கேஸ் மதியத்துக்கு முன் போகாது என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் பாட்டிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கும் முடிவு அவருடையது அல்ல. கொடுத்த பின் ஏதாவது ஆனால் விளக்கக் கடிதம் மட்டும் அவருடையது.

முந்தைய மாலையில் நடக்கும் மற்ற சடங்குகளில் முடி மழிப்பதும் ஒன்று. ரேசரால் மழிப்பதால் தோலில் ஏற்படும் நுண்ணிய கீறல்கள் கிருமிக்கு வாசல் திறக்கின்றன என்பதால், 2016இல் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே சொன்னது: முடியை விட்டுவிடுங்கள், எடுத்தே தீரவேண்டுமென்றால் கிளிப்பரால் வெட்டுங்கள், மழிக்காதீர்கள். அரசு வார்டுகளில் ரேசர்தான் இன்றும் கைக்கு வரும் கருவி. இது செவிலியர் அறியாமை அல்ல. கிளிப்பர் ஸ்டோரில் இல்லை, ரேசர் எதிர்க்கடையில் இருக்கிறது.

இதே மாலையில், எந்தப் பட்டியலிலும் சேராத ஒரு வேலையை நம் செவிலியர்கள் அழகாகச் செய்வதையும் குறித்தாக வேண்டும். வளையல், மூக்குத்தி, மெட்டி எல்லாம் கழற்றியாக வேண்டும். ரத்தக் கசிவைச் சுட்டு நிறுத்தும் மின்கருவி பயன்படும் இடத்தில் உலோகம் உடலில் இருப்பது நல்லதல்ல. தாலி என்று வரும்போது பெண்ணின் முகம் மாறும். மாமியாரின் முகம் அதைவிட மாறும். அனுபவமுள்ள சிஸ்டர் சட்டம் பேசுவதில்லை. மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டிவிட்டு, "இது கழுத்திலேயே இருக்கட்டும், தங்கத்தை மட்டும் அம்மா கையில குடுங்க" என்பார். இறுகிய மெட்டியை நூல் சுற்றி, சோப்பு தடவி, வலிக்காமல் எடுப்பார். நகப்பூச்சைத் துடைக்கும்போது, விரலில் மாட்டப்போகும் கிளிப் என்ன பார்க்கும் என்பதைச் சொல்லிவைப்பார். மயக்கத்துக்குப் போகிறவரின் பயத்தைக் குறைப்பதில் இதற்கு இணையான மாத்திரை குறைவு.

அதே சிஸ்டர்தான் ஒப்புதல் படிவத்தையும் நீட்டுகிறார். அங்கேதான் எனக்கு மறுப்பு. 2008இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் ஒப்புதல் என்றால் என்ன என்பதை விரிவாகவே வகுத்தது. பரிசோதனைக்கு மட்டும் ஒப்புக்கொண்டு மயக்கத்திலிருந்த ஒரு பெண்ணின் கருப்பையும் சூலகங்களும், வெளியே காத்திருந்த தாயின் சம்மதத்தின்பேரில் அகற்றப்பட்டிருந்தன. அது செல்லாது, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது சம்மதம் நோயாளியுடையதாக இருக்க வேண்டும், என்ன செய்யப்போகிறார்கள், மாற்று வழி உண்டா, ஆபத்து என்ன என்பதெல்லாம் தெரிந்து தந்ததாக இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். இதை விளக்கும் கடமை அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவருக்கு. நடைமுறையில் இரவு ஒன்பது மணிக்கு "இங்க ஒரு கையெழுத்து, அங்க ஒரு கையெழுத்து" என்று வாங்குவது செவிலியர். நோயாளி எதிர்க்கேள்வி கேட்டால் பதில் சொல்லும் தகுதி சட்டப்படி அவருக்கு இல்லை. கையெழுத்து இல்லாமல் காலையில் ட்ராலி கிளம்பினால் திட்டு அவருக்கு. "மருத்துவர் இன்னும் விளக்கவில்லை, அதனால் கையெழுத்து வாங்கவில்லை" என்று கேஸ் ஷீட்டில் எழுத அவரை அனுமதித்தாலே இந்த வழக்கம் ஒரு மாதத்தில் மாறிவிடும்.

தியேட்டருக்குள் நடக்கும் கைவேலையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நம் பயிற்சியின் வலுவான பகுதி அது. மயக்கத்தில் இருப்பவரின் கை மேசை விளிம்பில் அழுந்தி நரம்பு கெட்டுவிடாமல் பஞ்சு வைப்பது, சுடும் கருவியின் தகடு தொடையில் முழுதாக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது, வெட்டியெடுத்த கட்டியைச் சரியான பெயர் எழுதிய ஃபார்மலின் டப்பாவில் போடுவது. இந்தக் கடைசி வேலை தவறினால் புற்றுநோய் யாருக்கு என்பதே மாறிப்போகும். இன்று எல்லாரும் அணியும் ரப்பர் கையுறைகூட ஒரு தியேட்டர் செவிலியரின் புண்பட்ட கைகளுக்காக வந்ததுதான். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கேரலின் ஹாம்டனுக்குக் கிருமிநாசினியால் தோல் வெந்துபோனது. சர்ஜன் வில்லியம் ஹால்ஸ்டெட் குட்இயர் கம்பெனியிடம் சொல்லி மெல்லிய கையுறை செய்துவாங்கினார். 1890இல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். கையுறை நோயாளியையும் காக்கிறது என்பது பிறகுதான் உறைத்தது.

உண்மையான ஓட்டை தியேட்டருக்கு வெளியே, சிகிச்சை "நல்லபடியா முடிஞ்சது" என்று சொல்லப்பட்ட பிறகு இருக்கிறது. முதல் ஒரு மணி நேரம் பரவாயில்லை. ரெக்கவரி அறையில் 1970இல் மயக்கவியல் மருத்துவர் ஆல்ட்ரெட் வகுத்த மதிப்பெண் முறை இருக்கிறது: அசைவு, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு, நிறம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2வரை, பத்துக்கு ஒன்பதாவது வந்தால்தான் வார்டுக்கு அனுப்பலாம். இங்கேயும் கவனியுங்கள், எண் ஒன்று செவிலியர் கையில் இருப்பதால், எட்டுப் புள்ளி நோயாளியை அனுப்பச் சொல்லும் அவசரக்காரரிடம் அவரால் மறுக்க முடிகிறது. வார்டுக்கு வந்ததும் அந்த எண் போய்விடுகிறது. அங்கே இருப்பவை டியூட்டி, ட்ரிப், அட்டெண்டர்.

அட்டெண்டர் என்று நாம் அழைக்கும் கூட இருக்கும் உறவினர், நம் மருத்துவமனைகளின் எழுதப்படாத செவிலியர். சிசேரியனையே எடுத்துக்கொள்ளலாம். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். நம் பெண்களில் பலர் வாழ்நாளில் படும் பெரிய அறுவை சிகிச்சை அதுதான். அன்றிரவு அம்மாவோ அத்தையோ கட்டிலருகே பாய் விரித்துப் படுப்பார்கள். குழந்தையை மார்பில் பொருத்துவார்கள், முதுகு துடைப்பார்கள், மறுநாள் தோள் கொடுத்து நடக்கவைப்பார்கள். எந்தப் பணக்கார நாட்டு வார்டிலும் கிடைக்காத கவனிப்பு இது. ஆனால் அவர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு: கூர்ந்து கவனிப்பது வேறு, எதைக் கவனிப்பது என்று அறிவது வேறு. ரத்தம் உள்ளே கசியும்போது முதலில் நாடித்துடிப்பு ஏறும். ரத்த அழுத்தம் விழுவது பிந்தித்தான். வலிமருந்து அதிகமானால் மூச்சின் எண்ணிக்கை குறையும். இரண்டு நிலையிலும் நோயாளி சோர்ந்து கண் மூடிக் கிடப்பார். "நல்லா அசந்து தூங்குறா, எழுப்பாதீங்க" என்பார் அத்தை.

அப்போது பார்க்கவேண்டியவர் செவிலியர். போதனா மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒருவர், பொது மருத்துவமனையில் ஐந்துக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் மன்றத்தின் அளவு. இரவு டியூட்டியில் அரசு சர்ஜிகல் வார்டுக்குப் போனவர்களுக்கு அந்த எண்கள் வேறு தேசத்தைச் சேர்ந்தவை போலத் தோன்றும். கேஸ் ஷீட்டைப் புரட்டினால் வெப்பம், நாடி, அழுத்தம் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். மூச்சு எண்ணிக்கை என்ற கட்டத்தில் வரிசையாக எல்லாருக்கும் 20, 20, 20. ஒரு நிமிடம் நின்று நெஞ்சின் ஏற்றத்தாழ்வை எண்ண ஆளில்லாததால் எழுதப்படும் எண் அது. ஆபத்தை முதலில் காட்டும் அறிகுறிகளில் ஒன்று, வார்டில் மிக அலட்சியமாக எழுதப்படும் எண்ணாக இருக்கிறது.

ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்பதைச் செவிலியப் பணி ஆய்வாளர் லிண்டா ஐக்கன் 2002இல் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளைக் கொண்டு காட்டினார். அறுவை சிகிச்சை நோயாளிகளிடம், ஒரு செவிலியர் பார்க்கும் நோயாளி ஒருவர் கூடினால், முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. 2014இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் பார்த்தபோதும் அதே 7. சிக்கல் வருவதைவிட, வந்த சிக்கல் நேரத்தில் பிடிபடாததுதான் ஆளைக் கொல்கிறது என்பது இந்த ஆய்வுகளின் சாரம். அப்படியானால் அதிகம் பார்த்தால் போதுமா? ஆப்பிரிக்க மருத்துவமனைகளில் நடந்த ஒரு பெரிய சோதனை 2021இல் சங்கடமான பதில் தந்தது. ஆபத்து அதிகமுள்ள நோயாளிகளை அறுவை சிகிச்சைக்குப் பின் கூடுதலாகக் கண்காணிக்கச் சொன்னார்கள், இறப்பு குறையவில்லை. கூடுதல் கையில்லாமல் கூடுதல் கண் மட்டும் கேட்டால் பலன் இராது என்றே நான் அதை வாசிக்கிறேன். பார்த்ததைச் சொல்ல, சொன்னதும் ஓடிவர யாராவது இருக்க வேண்டும்.

ஆள் இல்லாத இடத்தை விதி நிரப்புகிறது. பழைய விதிகள் சாகாததற்கு இது ஒரு காரணம். முதுகில் ஊசி போட்டவர் இருபத்து நாலு மணி நேரம் தலையணை இல்லாமல் மல்லாந்து கிடக்க வேண்டும், இல்லாவிட்டால் வாழ்நாளெல்லாம் தலைவலி என்பது நம் வார்டுகளின் வேதவாக்கு. படுத்திருப்பது அந்தத் தலைவலியைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள். ஊசியின் பருமனும் முனையின் வடிவமும்தான் முக்கியம். மல்லாந்து கிடக்கும் தாயால் குழந்தைக்குச் சரியாகப் பால் கொடுக்க முடியாது. காலில் ரத்தம் உறையாமலிருக்கச் சீக்கிரம் எழுந்து நடக்கவேண்டியவரை அசையாமல் கிடத்துகிறோம். டென்மார்க் சர்ஜன் ஹென்ரிக் கெலெட் 1990களில் தொடங்கிய விரைவு மீட்பு முறை சொல்வதெல்லாம் இதற்கு நேர் எதிர்: சீக்கிரம் குடிக்கவிடு, சீக்கிரம் சாப்பிடவிடு, சீக்கிரம் நடக்கவிடு, வலியை அதற்கேற்ற அளவு குறை.

வலி என்ற இடத்தில் நம் வார்டின் பொறுமை எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. "ஆபரேஷன்னா வலிக்கத்தான் செய்யும், தாங்கிக்கணும்" என்பதை ஆறுதலாகச் சொல்கிறோம். வலியால் ஆழ மூச்சிழுக்காதவருக்குச் சளி தேங்கி நிமோனியா வரலாம். இருமப் பயந்தவருக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். ஊசிக்கான ஆர்டர் "வலி இருந்தால்" என்று எழுதப்படுகிறது. எவ்வளவு வலி இருந்தால் என்று யாரும் எழுதுவதில்லை. நோயாளி அழுத பிறகு, அட்டெண்டர் இரண்டுமுறை கவுண்டருக்கு நடந்த பிறகு, டியூட்டி டாக்டரைத் தேடிய பிறகு ஊசி வருகிறது. ஆறு மணி நேரத்துக்கொருமுறை பாரசிட்டமால், அதற்கு மேல் வலி இன்ன அளவு என்றால் இன்ன மருந்து, செவிலியரே கொடுக்கலாம் என்று மயக்கவியல் மருத்துவர் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்டால், இந்த நடை பாதியாகும்.

இதே வகையில் எழுதிவைக்கக்கூடிய ஆணைகள் இன்னும் உண்டு. "தியேட்டரிலிருந்து அழைப்பு வரும் நேரத்தைக் கணித்து, அதற்கு இரண்டு மணி நேரம் முன்வரை தண்ணீர் கொடுக்கலாம், முடிவு வார்டுச் செவிலியருடையது." இதற்குப் புதுக் கட்டடமும் வேண்டாம், புதுப் பணியிடமும் வேண்டாம். பிரிட்டனில் 2012இல் கொண்டுவந்த முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில், நாடி, மூச்சு, ஆக்சிஜன் அளவு முதலியவற்றைக் கூட்டி வரும் எண் ஒரு வரம்பைத் தாண்டினால், செவிலியர் நேராக மூத்த மருத்துவரை அழைக்கலாம். ஏன் எழுப்பினாய் என்று கேட்க முடியாது. அந்த முறைக்கும் குறை உண்டு. மூச்சை எண்ணாமல் 20 என்று எழுதும் வார்டில் மதிப்பெண்ணும் பொய்யாகத்தான் வரும். மூத்த செவிலியரின் "ஏதோ சரியில்ல டாக்டர்" என்ற உள்ளுணர்வுக்கு அதில் கட்டம் இல்லை என்று அங்குள்ளவர்களே குறைபட்டிருக்கிறார்கள். ஆனாலும் அதிகாரம் இல்லாத இளையவருக்கு ஒரு எண் தரும் தைரியத்தை வேறெதுவும் தருவதில்லை.

இதற்கு மருத்துவர்கள் சொல்லும் எதிர்வாதம் ஒன்று: எல்லாரும் நிறுத்தலாம் என்றால் லிஸ்ட் நகராது, இறுதியில் நீதிமன்றத்தில் நிற்பவர்கள் நாங்கள். இரண்டாம் பாதி உண்மை. நுகர்வோர் வழக்கில் சர்ஜன் பெயர்தான் முதலில் வருகிறது. எனவே அதிகாரத்தைப் பகிர்வது சட்டப் பொறுப்பையும் பகிர்வதாக இருக்க வேண்டும். செவிலியர் சங்கங்கள் இதைப் பற்றி ஊதியத்தைப் பேசுமளவு பேசுவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஊதியம் பேசுவதற்குக் காரணமும் இருக்கிறது. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அமர்ந்து போராடிய தொகுப்பூதியச் செவிலியர்கள் அப்போது வாங்கிக்கொண்டிருந்தது மாதம் 7,700 ரூபாய். தேர்வு எழுதி, மதிப்பெண் பெற்று வந்தவர்கள். பணி நிரந்தரம் எப்போது என்று தெரியாதவர்கள். தொகை அதற்குப் பிறகு உயர்ந்தது. ஆணையில் எவ்வளவு அதிகாரம் எழுதிக்கொடுத்தாலும், இரவு இரண்டு மணிக்கு நாடி 124 என்று பார்த்து யூனிட் சீஃபின் எண்ணை அழுத்த வேண்டியவர் வேலையில் நிலைத்தவராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் முதலில் ஹவுஸ் சர்ஜனை அழைப்பார். ஹவுஸ் சர்ஜன் பி.ஜி. மாணவரை அழைப்பார், பி.ஜி. தியேட்டரில் வேறொரு எமர்ஜென்சியில் கை கழுவி நின்றுகொண்டிருப்பார்.